நடுவில் எங்கே ஒளிந்திருந்தது?



திருவொற்றியூரில் எட்டாம் வகுப்பு படிக்கிற தங்கை ஒருத்தி இந்த மாமாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். அவளுடைய தாத்தா, அதாவது அம்மாவைப் பெற்றவர், காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போனவர். அவருக்குச் சிவப்பையும் பச்சையையும் சரியாகப் பிரித்துப் பார்க்க வராது. அவள் தம்பிக்கும் அப்படித்தான் என்று பள்ளிக்கூடத்தில் நடந்த கண் பரிசோதனையில் தெரியவந்ததாம். அம்மாவுக்கோ எந்தக் குறையும் இல்லை.

“தாத்தாவிடம் இருந்தது தம்பிக்கு வந்திருக்கிறது. அம்மாவிடம் அது இல்லவே இல்லை. நடுவில் எங்கே ஒளிந்திருந்தது மாமா?” என்று கேட்கிறாள். “கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே போனதால்தான் இப்படி என்று அம்மாவைச் சொல்கிறார்கள். அது உண்மையா?” என்று இன்னொரு வரியும் எழுதியிருக்கிறாள்.

சபாஷ், கண்ணு! நீ கேட்டது சின்னக் கேள்வி இல்லை. இன்றைய செக் நாட்டில் உள்ள புருனோ நகரத்துப் பாதிரியார் கிரிகோர் மெண்டலுக்கும் இதே சந்தேகம்தான் வந்தது. சுருங்கிய பட்டாணியும் உருண்டைப் பட்டாணியும் தரும் செடிகளை அவர் கலந்தார். பிறந்தவை எல்லாமே உருண்டை. சுருக்கம் காணாமல் போய்விட்டது. அடுத்த தலைமுறையில் அது திரும்ப வந்து நின்றது. 1865-ல் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: கண்ணுக்குத் தெரியாமல் போவது வேறு, இல்லாமல் போவது வேறு.

கிரகணத்துக்கும் தம்பியின் கண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதை முதலில் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடு. காரணத்தை இப்போது பார்க்கலாம். மற்ற பிள்ளைகளும் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

தாத்தாவுக்கு உலகம் எப்படித் தெரியும்? பழைய கறுப்பு வெள்ளைப் படம் மாதிரி இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நீலம் தெரியும், மஞ்சள் தெரியும். சிவப்பு, பச்சை, பழுப்பு ஆகியவைதான் ஒன்றோடொன்று குழம்பும். மீன் வாங்கும்போது உன் அம்மா என்ன செய்கிறார், கவனித்திருக்கிறாயா? வஞ்சிரமோ சங்கராவோ, முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். ரத்தச் சிவப்பாக இருந்தால் புது மீன். பழுப்படித்திருந்தால் நேற்றைய மீன். இந்த வித்தியாசம்தான் தாத்தாவின் கண்ணில் சரியாக விழாது. அவர் மோந்து பார்ப்பார், சதையை விரலால் அழுத்திப் பார்ப்பார். அதிலும் பழுத்த கைதான்.

ராத்திரியில் கடலில் எப்படிச் சமாளித்திருப்பார்? படகின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. எதிரே வருகிற படகு எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்பதை அந்த நிறத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். துறைமுக வாயிலிலும் உள்ளே வருகிறவருக்கு இடக்கைப் பக்கம் சிவப்பு, வலக்கைப் பக்கம் பச்சை. அதனால்தான் நிறம் பிரிக்கத் தெரியாதவரைக் கப்பலின் கண்காணிப்பு வேலைக்கு எடுப்பதில்லை. சிறு படகில் போகிறவருக்கு அந்தப் பரிசோதனையெல்லாம் யார் செய்தார்கள்? கூட வந்தவர்களின் கண்ணையும் தன் அனுபவத்தையும் நம்பித்தான் அவர் போய் வந்திருப்பார்.

இனி கண்ணுக்குள்ளே போவோம். நம் கண்ணின் பின்சுவரில் விழித்திரை இருக்கிறது. அதில் கூம்பு செல்கள் என்று சுமார் 60 லட்சம் செல்கள் உண்டு. நிறம் பார்ப்பது இவற்றின் வேலை. இவை மூன்று வகை. ஒன்று நீல ஒளியை நன்றாகப் பிடிக்கும், ஒன்று பச்சையை, ஒன்று சிவப்பை. ஒவ்வொரு வகையிலும் ஒரு தனி நிறமி இருக்கும். அந்த நிறமியை எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்பு ஒரு ஜீனில், அதாவது மரபணுவில், எழுதியிருக்கும். பச்சைக்கோ சிவப்புக்கோ உரிய குறிப்பு கெட்டுப்போனால் அந்த இரண்டு நிறமும் குழம்பும். பாடப்புத்தகத்தில் இதை நிறக்குருடு என்று போட்டிருப்பார்கள். இதுவரை புரிகிறதா?

அந்தக் குறிப்பு எங்கே இருக்கிறது? வீட்டில் அம்மா வைத்திருக்கிற கோல நோட்டை நினைத்துக்கொள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கோலம். நம் செல்லுக்குள் இப்படி 46 நோட்டுகள் இருக்கின்றன. அவற்றின் பெயர் குரோமோசோம். பக்கங்கள்தான் ஜீன்கள். 46-ம் தனித்தனி இல்லை, 23 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு நோட்டு அம்மா கொடுத்தது, இன்னொன்று அப்பா கொடுத்தது. ஒரு நோட்டில் ஏதாவது பக்கம் கிழிந்திருந்தால் பரவாயில்லை. ஜோடி நோட்டில் அதே கோலம் இருக்கும், அதைப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் கடைசி ஜோடியில் ஒரு விசேஷம். பெண்ணுக்கு எக்ஸ், எக்ஸ் என்று இரண்டும் ஒரே மாதிரி நோட்டு. ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். எக்ஸ் நல்ல பருமனான நோட்டு, 800-க்கு மேல் பக்கங்கள். ஒய் மெலிந்தது, பக்கங்கள் கொஞ்சம்தான். சிவப்பு நிறமிக்கும் பச்சை நிறமிக்கும் உரிய பக்கங்கள் எக்ஸ் நோட்டின் கடைசியில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒய் நோட்டில் அவை இல்லை.

இப்போது உனக்கே பிடிபட்டிருக்கும். தாத்தாவிடம் இருந்தது ஒரே ஒரு எக்ஸ். அதில் அந்தப் பக்கம் கிழிந்திருந்தது. எடுத்துப் பார்க்க இன்னொரு எக்ஸ் இல்லை. அதனால் குறை வெளியே தெரிந்தது. அவர் தன் மகளுக்கு, அதாவது உன் அம்மாவுக்கு, எந்த எக்ஸைக் கொடுப்பார்? இருப்பதே ஒன்று. அதைத்தான் கொடுக்க முடியும். ஆக, கிழிந்த நோட்டு உன் அம்மாவிடம் நிச்சயமாக இருக்கிறது. கூடவே பாட்டி கொடுத்த முழு நோட்டும் இருக்கிறது. அம்மாவின் கண் அதைக்கொண்டு நன்றாகவே வேலை செய்கிறது. நடுவில் ஒளிந்திருந்த இடம் இதுதான். இப்படிப்பட்டவரை அறிவியலில் கடத்தி என்பார்கள். மறைந்து நிற்கிற இந்தப் பண்புக்கு ஒடுங்கு பண்பு என்று பெயர், அதை மறைக்கிறது ஓங்கு பண்பு.

சரி, அம்மாவிடமிருந்து தம்பிக்கு எப்படி வந்தது? இரண்டு பத்து ரூபாய்க் காசு எடுத்துக்கொள். பூவா தலையா போடுவோம். ஒன்று அம்மாவின் காசு. தலை விழுந்தால் முழு நோட்டு, பூ விழுந்தால் கிழிந்த நோட்டு. மற்றது அப்பாவின் காசு. தலை விழுந்தால் ஒய், பூ விழுந்தால் எக்ஸ். இரண்டையும் சேர்த்துச் சுண்டு. நான்கு விதமாக விழலாம், நான்கும் சம வாய்ப்பு. முழு நோட்டோடு மகன், அவனுக்குக் குறை இல்லை. கிழிந்த நோட்டோடு மகன், அவன்தான் உன் தம்பி. முழு நோட்டோடு மகள். கிழிந்த நோட்டோடு மகள், ஆனால் அப்பாவின் நல்ல நோட்டு கைகொடுப்பதால் அவளுக்கும் நிறமெல்லாம் நன்றாகத் தெரியும். அவளும் ஒரு கடத்தி.

நோட்டுப் புத்தகத்தில் ஐம்பது தடவை சுண்டிக் குறித்துப் பார். நான்கும் ஏறத்தாழ சமமாக வரும், ஆனால் கச்சிதமாகச் சமமாக வராது. தொடர்ந்து மூன்று முறை பூ விழுந்தாலும் அடுத்த முறை தலைதான் விழ வேண்டும் என்று கட்டாயம் இல்லை. காசுக்கு ஞாபகம் கிடையாது. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி அடுத்த பிள்ளைக்கு வராது என்று பெரியவர்கள் சொல்வது தவறு. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகக் காசு சுண்டுகிறோம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. வடசென்னையில் எத்தனையோ பேர் பிறந்த இடம். அந்த மாதிரி ஆஸ்பத்திரி வாசல்களில், பெண் பிறந்துவிட்டது என்று தாயைக் குறை சொல்கிற குரல் இன்னும் கேட்கிறது. காசைப் பார். மகனா மகளா என்பதை முடிவு செய்தது யாருடைய காசு? அப்பாவுடையது. அதையும் அவர் வேண்டுமென்று போடவில்லை, விழுந்தது விழுந்ததுதான். தம்பியின் கண்ணும் அப்படியே. யார் மேலும் பழி இல்லை. இதைப் பெரியவர்களிடம் தைரியமாகச் சொல்லு, கண்ணு.

உன் தாய்மாமனுக்கு இந்தக் குறை உண்டா என்று கேட்டிருக்கிறாய். தாத்தாவின் கண் அவருக்கு வர வழியே இல்லை. ஏன் என்று யோசி. தாத்தா தன் மகனுக்குக் கொடுத்தது ஒய். எக்ஸை உன் தாய்மாமன் பாட்டியிடமிருந்துதான் பெற்றார். அதனால் இந்தக் குறை அப்பாவிடமிருந்து மகனுக்கு ஒருபோதும் நேராகப் போகாது. தாத்தாவிலிருந்து மகள், மகளிலிருந்து பேரன், இதுதான் அதன் பாதை. சுவிட்சர்லாந்தின் கண் மருத்துவர் ஹார்னர் 1876-லேயே குடும்பங்களை வரிசையாக எழுதி இந்தப் பாதையைக் காட்டிவிட்டார். காரணத்தை அமெரிக்க அறிஞர் வில்சன் 1911-ல் சொன்னார்: இது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது என்று. மனிதருடைய ஜீன் ஒன்றுக்கு இன்ன குரோமோசோம் என்று முகவரி கிடைத்தது அதுதான் முதல் தடவை.

பெண்களுக்கு இந்தக் குறை வரவே வராதா? வரும், அபூர்வமாக. இரண்டு நோட்டிலும் கிழிந்திருக்க வேண்டும். ஒரு கணக்குப் போடுவோம். ஓர் ஊரில் 20 பையன்களில் ஒருவனுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள். அப்படியென்றால் 20 எக்ஸில் ஒன்று கிழிந்தது. பெண்ணுக்கு இரண்டுமே கிழிந்ததாக வர 20-ஐ 20-ஆல் பெருக்க வேண்டும். 400 பெண்களில் ஒருத்திக்குத்தான். ஆனால் அதே ஊரில் ஏறக்குறைய பத்துப் பெண்களில் ஒருத்தி கடத்தியாக இருப்பாள், அவளுக்கே தெரியாமல்.

இந்தக் கணக்கு, பெற்றோர் இருவரும் சொந்தக்காரர்களாக இல்லாதபோது பொருந்தும். நம் ஊரில் அக்கா மகளைக் கட்டுகிற வழக்கம் உண்டு. மாமனுக்கு இந்தக் குறை இருந்தால், அவருடைய அக்காவிடமும் அதே கிழிந்த நோட்டு இருக்கலாம், அக்கா மகளிடமும் இருக்கலாம். அவர்களுக்குப் பிறக்கும் பெண்ணுக்கு அப்பாவிடமிருந்து ஒன்று நிச்சயம், அம்மாவிடமிருந்து இன்னொன்று வர வாய்ப்பு அதிகம். நிறம் குழம்புவது பெரிய ஆபத்தில்லை. ஆனால் வேறு கடுமையான நோய்களும் இதே மாதிரி இரண்டு கிழிந்த பக்கங்கள் சேரும்போதுதான் வெளியே வருகின்றன. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் வேண்டாம் என்று மருத்துவர்கள் மன்றாடுவது இதனால்தான்.

கொஞ்சம் களைப்பாக இருக்கிறதா? வாருங்கள், காசிமேட்டுக்குப் பூனை பார்க்கப் போவோம்.

மீன் ஏலம் விடுகிற இடத்தில் பூனைகளுக்குக் குறைவில்லை. செவலைப் பூனை உண்டு, கறுப்புப் பூனை உண்டு, இரண்டு நிறமும் திட்டுத் திட்டாகக் கலந்த பூனையும் உண்டு. அதோடு வயிற்றில் வெள்ளையும் சேர்ந்தால் மூவண்ணப் பூனை. அந்த மூவண்ணப் பூனை அனேகமாகப் பெண்ணாகத்தான் இருக்கும். தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். எப்படி?

செவலை நிறத்துக்கான ஜீன் பூனையின் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பூனைக்கு ஒரே எக்ஸ். ஒன்று செவலை, இல்லையென்றால் கறுப்பு, இரண்டும் சேராது. பெண் பூனைக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் செவலை, ஒன்றில் கறுப்பு இருக்கலாம். அப்படியென்றால் உடம்பு முழுக்க ஒரே கலவை நிறமாக அல்லவா இருக்க வேண்டும்? ஏன் திட்டுத் திட்டாக இருக்கிறது? 1961-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த மேரி லயன் என்ற அம்மையார் இதற்கு விடை சொன்னார். குட்டி கருவில் மிகச் சிறியதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றைச் சுருட்டி மூடி வைத்துவிடுகிறது. எதை மூடுவது என்பது அங்கேயும் பூவா தலையாதான். அந்த ஒரு செல்லிலிருந்து பெருகிய செல்களெல்லாம் அதையே மூடி வைக்கும். அதனால் ஓரிடம் செவலை, ஓரிடம் கறுப்பு. வெள்ளை மட்டும் வேறொரு குரோமோசோமில் உள்ள ஜீனின் வேலை.

2001 டிசம்பரில் அமெரிக்காவில் டெக்சாஸில் ஒரு மூவண்ணப் பூனையின் செல்லிலிருந்து அச்சு அசலாக ஒரு குட்டியை உருவாக்கினார்கள். சிசி என்று பெயர் வைத்தார்கள். அதே ஜீன்கள்தான். ஆனால் குட்டியின் மேல் செவலைத் திட்டு ஒன்றுகூட இல்லை! எடுத்த செல்லில் செவலைப் பக்கம் மூடியிருந்தது, அது திறக்கவில்லை. செவலை நிறத்தைத் தருகிற ஜீன் எது என்பதை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே ஆராய்ந்தவர்கள் 2024-ல்தான் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அவ்வளவு காலமாகத் தெருவில் திரிந்த ரகசியம் அது.

உன் அம்மாவின் விழித்திரையும் இப்படித்தான் இருக்கிறது. சில செல்களில் முழு நோட்டு திறந்திருக்கும், சிலவற்றில் கிழிந்தது திறந்திருக்கும். நல்ல செல்கள் போதுமான அளவு இருப்பதால் அவர் செவுளின் சிவப்பைச் சரியாகச் சொல்லிவிடுகிறார்.

இந்தக் குறையைத் தன்னிடமே கண்டுபிடித்து எழுதியவர் ஒரு பெரிய விஞ்ஞானி. அணுக்கொள்கை சொன்ன ஜான் டால்டன்தான் அவர். ஜெரேனியம் என்ற பூ பகல் வெளிச்சத்தில் அவருக்கு வானத்து நீலமாகத் தெரிந்தது, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரிந்தது. நண்பர்களெல்லாம் ஒரு மாற்றமும் இல்லை என்றார்கள். அவருடைய அண்ணன் மட்டும், “எனக்கும் உன்னைப் போலத்தான்” என்றார். பூவா தலையாவில் இருவருக்கும் அதே நோட்டு விழுந்திருக்கிறது! 1794-ல் டால்டன் இதைக் கட்டுரையாகப் படித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் நீர் நீலமாக இருக்கும், அதனால்தான் இப்படி என்று அவர் நினைத்தார். இறந்த பிறகு கண்ணை எடுத்துப் பாருங்கள் என்று சொல்லியும் வைத்தார். 1844-ல் எடுத்துப் பார்த்தார்கள். நீர் தெளிவாகத்தான் இருந்தது. அந்தக் கண்ணைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1995-ல் அதிலிருந்த டி.என்.ஏ.வை ஆராய்ந்தார்கள். பச்சை நிறமிக்கான ஜீன் அவரிடம் இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு 200 வருஷம் கழித்து, அவருடைய கண்ணே பதில் சொன்னது.

பக்கம் எப்படிக் கிழிகிறது என்பதும் இப்போது தெரியும். சிவப்பு ஜீனும் பச்சை ஜீனும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி எழுதப்பட்டவை, பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. ஒரு பெண்ணின் உடம்பில் கருமுட்டை உருவாகும்போது இரண்டு எக்ஸும் பக்கங்களை மாற்றிக்கொள்ளும். அப்போது வரிசை ஒரு பக்கம் தள்ளிப் போய்விட்டால், ஒன்றுக்குக் கூடுதல் பக்கம், மற்றதற்கு ஒரு பக்கம் குறைவு. அவ்வளவுதான்.

இனி தம்பியின் விஷயம். கும்மிடிப்பூண்டி ரயில் போகிற பாதைக்குப் பக்கத்திலேயே வீடு, ரயில் ஓட்ட வேண்டும் என்று அவனுக்கு ஆசை என்று எழுதியிருக்கிறாய். உன்னிடம் மறைக்க மாட்டேன். 1856-லிருந்து ராயபுரத்தில் ரயில் ஓடுகிறது. இன்றுவரை சிக்னலின் நிறம்தான் ரயிலோட்டிக்கு உயிர். அதனால் லோகோ பைலட் வேலைக்கு நிறப் பரிசோதனை கண்டிப்பானது. புள்ளிப் புள்ளியாக எண் மறைந்திருக்கும் படங்களைக் காட்டுவார்கள். ஜப்பானியக் கண் மருத்துவர் இஷிஹாரா 1917-ல் வெளியிட்டவை அவை. ஆனால் ரயில்வேயில் இந்தப் பரிசோதனை தேவைப்படாத வேலைகளும் இருக்கின்றன. ஆறாம் வகுப்பிலேயே தெரிந்தது நல்லது. பட்டம் வாங்கிய பிறகு தெரிந்தால்தான் மனசு உடையும்.

1819-ல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை இப்போது எழும்பூரில் இருக்கிறது. அங்கே ஒருமுறை அழைத்துப் போய், எந்த அளவு என்று பார்த்து வாருங்கள். வகுப்பாசிரியரிடமும் சொல்லுங்கள். பச்சைப் பலகையில் சிவப்புச் சாக்பீஸால் எழுதினால் தம்பிக்குச் சரியாகத் தெரியாது. வெள்ளையோ மஞ்சளோ போதும். வரைபடத்தில் நிறத்துக்குப் பதில் கோடும் புள்ளியும் போட்டுக் காட்டலாம். கண்ணாடி போட்டால் குணமாகிவிடும் என்று யாராவது விற்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள். அவை சில நிறங்களின் வேறுபாட்டைத் தூக்கிக் காட்டும், இல்லாத நிறமியை உண்டாக்காது.

ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. தென் அமெரிக்க அணில் குரங்குகளில் ஆண்கள் எல்லாவற்றுக்கும் சிவப்பு பச்சை பிரிக்கத் தெரியாது. 2009-ல் அமெரிக்காவில் இரண்டு ஆண் குரங்குகளின் விழித்திரைக்குள், அவற்றிடம் இல்லாத ஜீனை ஒரு வைரஸில் ஏற்றி அனுப்பினார்கள். ஏறக்குறைய 5 மாதம் கழித்து அவை சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காட்டின. ஒரு குரங்குக்கு டால்டன் என்றே பெயர். மனிதருக்கு அந்தச் சிகிச்சை இன்னும் வரவில்லை.

இனி உங்கள் முறை, பிள்ளைகளே. காசிமேட்டுப் படகுத் துறையில் ஒரு செவலைத் தாய்ப்பூனை. அப்பா பூனை முழுக் கறுப்பு. ஆறு குட்டி போட்டிருக்கிறது. ஆண் குட்டிகள் என்ன நிறம், பெண் குட்டிகள் என்ன நிறம்? செவலைத் தாய்க்கு இரண்டு எக்ஸிலும் செவலைதான் என்பதை மறந்துவிடாதீர்கள். எழுதி அனுப்புங்கள்.